திரைப்பாடமும் காற்கூறு அறிவும்

(இராசபாளையத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற கல்லூரி இயற்பியலாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. திருவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அன்பர்கள் கேட்ட வினாக்களும் அவற்றிற்கான விடைகளும் உரையினூடே சேர்க்கப்பெற்றுள்ளன.)



நாம் கூடியிருக்கும் இவ்விராசபாளையத்திற்கு அணித்தே முறம்பு என்னும் சிற்றூர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மொழிஞாயிறு பாவாணர் இளமையில் வளர்ந்ததும், பின்னர் முதன்முதலாக ஆசிரியப் பணி ஏற்றதும் அங்குள்ள சீயோன்மலைப் பள்ளியிலேதான். இன்று அவ்வூரில் பாவாணர் கோட்டம் இருக்கின்றது. அவர் பெயரை நான் முதலில் எடுத்ததற்குக் கரணியம் உண்டு. 1924-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தேர்விலும், 1926-இல் திருநெல்வேலித் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கத்தின் புலவர் தேர்விலும் அவர் தேறினார். பள்ளியாசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, தாமே நூல்களைத் தேடிப் படித்துத் தேறியவர் அவர். வகுப்பறைக்கு வெளியே நின்று கற்று, பொதுத் தேர்வொன்றில் தம் அறிவை நிறுவுதல் என்பது இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதைச் சொல்லவே இதனைச் சொன்னேன். அற்றை நாளில் அஞ்சலும் இல்லை, திரையும் இல்லை. நூலும் விளக்கும் மட்டுமே இருந்தன.

பின்னர் அஞ்சல்வழிக் கல்வி வந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதனைத் தொடங்கியது. என் தமையனார் இவ்வூர் நூற்பாலையொன்றில் இரவு முறை வேலை பார்த்துக்கொண்டே அவ்வழியில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். அஞ்சற்காரர் கொணர்ந்து போட்ட பாடக்கட்டுகளில் பாதி பிரிக்கப்படாமலே பரண்மேல் கிடந்ததை நான் கண்டிருக்கின்றேன். பட்டம் மட்டும் வந்துவிட்டது! அவர் மேல் எனக்குக் குறையில்லை. எட்டு மணிநேரம் பொறிகளுக்கிடையே நின்றுவிட்டு வந்தவர் எதனைப் படிப்பார்? ஆனால் அந்தப் பிரிக்கப்படாத கட்டுகள் இன்றைக்கும் என் கண்முன் நிற்கின்றன. ஏனென்றால் இன்று அவையே காணொலிகளாக மாறி நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் கிடக்கின்றன.

இற்றை நிலையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் பாடப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கின. 2017 சூலை 9-ஆம் நாள் நடுவண் அரசு 'சுவயம்' என்னும் தளத்தைத் திறந்தது. (பெயரே வடசொல்! 'தானே' என்று பொருள். தமிழில் பெயரிட அவர்களுக்கு மனம் வராது, அஃது இருக்கட்டும்.) பல்கலைக்கழக நல்கைக் குழு 2021-இல் வகுத்த விதிப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்பிற்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே கற்று, அம்மதிப்பைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக் கொள்ளலாம்.

இந்த 40 என்னும் எண்ணைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இராசுக்கள் கல்லூரி 1973-இல் இங்கே தோன்றியது. கிருட்டிணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2013-இல் இவ்வூரில் இராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஊருக்கு அருகிலேயே கல்லூரி வேண்டும், பெண்மக்கள் நடந்தோ பேருந்திலோ போய்ப் படித்து வர வேண்டும் என்பதற்காகவே இவையெல்லாம் எழுந்தன. இப்பொழுது அக்கல்லூரிகளுக்குள் அமர்ந்திருக்கும் மாணவன்கூடத் தன் படிப்பில் ஐந்தில் இரண்டு பங்கைத் திரையிலிருந்து பெற்றுக் கொள்ள விதி இடந்தருகின்றது. அத்திரைப்பாடம் எம்மொழியில் வரும், எவ்வாறு அமையும், அதனால் அறிவு வந்ததா இல்லையா என்று யார் பார்ப்பார் என்னும் மூன்று வினாக்களும் நம் வீட்டு வினாக்களாகிவிட்டன.

இணையவழிக் கல்வியை நான் எதிர்ப்பவன் அல்லேன். என் பிழையிலிருந்தே அதனைக் கற்றவன்.

2020-இல் கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபொழுது, நான் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்குப் பொருளின் பண்புகள் என்னும் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். திரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் தெரியும். ஒரு முகமும் தெரியாது. ஐம்பது மணித்துளி நான் பேசுவேன். இறுதியில் "ஐயம் உண்டா?" என்பேன். ஒருவரும் வாய் திறவார். ஐயம் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த பாடத்திற்குப் போவேன். முப்பதாண்டு ஆசிரியப் பட்டறிவு உடையவன் செய்த வேலை இது! பரப்பு இழுவிசை, சேர்கோணம், நுண்புழை ஏற்றம் ஆகியவற்றை நான்கு வகுப்புகளில் ஆங்கிலத்தில் முடித்தேன். தேர்வும் நடந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள். பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்.

2021-இன் தொடக்கத்தில் அவ்வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டிற்குப் போக நேர்ந்தது. சத்திரப்பட்டிப் பக்கம். அங்கே மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் மிகுதி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி. அண்ணன் வேலைக்குப் போகும்பொழுது அதனைக் கொண்டு போய்விடுவான். அவன் திரும்பிய பின் இரவில்தான் அந்தப் பெண் என் பாடத்தைக் கேட்பாள். அந்நாளில் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 கிகாபைட்டு இணையத் தரவு கொடுத்தது. தரவு வந்தது, கைப்பேசி பகலில் வீட்டில் இல்லையே!

அவளுடைய சுவடியைப் பார்த்தேன். நான் பேசிய ஆங்கிலத்தைக் காதால் கேட்டபடியே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். எழுத்துப் பிழைகள் மலிந்த, ஆனால் ஒரு வரியும் விடாத குறிப்புகள். அவ்வளவு உழைப்பு! அப்பொழுது அவள் தந்தையார் தறியிலிருந்து எழுந்து வந்து இயல்பாக ஒன்று கேட்டார்: "ஐயா, தறியிலிருந்து இறங்கின துணியத் தண்ணியில போட்டா மெதக்குது. வெளுத்து வந்த துணியப் போட்டா உடனே முங்கிருது. ரெண்டும் ஒரே பருத்திதான? பாப்பாகிட்டக் கேட்டேன், தெரியலங்குது."

நான் அப்பெண்ணைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து கொண்டாள். சேர்கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் நீர்மம் பரப்பை நனைக்கும் என்னும் வினாவிற்கு அவள் சரியான விடையைத் தெரிவு செய்திருந்தாள். அதே வினாவைத்தான் அவள் தந்தையார் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பருத்தியிழையின்மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு; அது நீரை ஒட்டவிடாது. காரமிட்டு வேகவைத்து வெளுக்கும்பொழுது அம்மெழுகு நீங்குகின்றது, சேர்கோணம் குறைகின்றது, இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை உறிஞ்சுகின்றன. "பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில்தானே படித்தாய்? பரப்பு இழுவிசை படித்திருக்கின்றாய் அல்லவா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தாள். "அதுதானா இது?" என்றாள். பின்னர் கால் மணிநேரத்திற்குள் தன் தந்தைக்கும் தம்பிக்கும் அவளே எடுத்துச் சொன்னாள். ஓரிடத்தில் தடுமாறினாள்; தம்பி குறுக்குக் கேள்வி கேட்டான்; மீண்டும் தொடக்கத்திலிருந்து சொன்னாள். நான் நான்கு வகுப்புகளில் கொடுக்க முடியாததை அவள் அத்திண்ணையில் பெற்றுக் கொண்டாள்.

அன்றிரவு திருவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்து நன்னூலை எடுத்தேன். பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த இலக்கண நூல் அது. அதன் பொதுப்பாயிரத்தை நாம் தேர்வுக்காக உருப்போட்டோமே அல்லாமல் கல்வியமைப்பு நூலாகப் படித்ததில்லை. ஆசிரியன் எப்படி இருத்தல் வேண்டும், எப்படிப் பாடம் சொல்லுதல் வேண்டும், மாணாக்கன் எப்படிப்பட்டவன், எப்படிப் பாடம் கேட்டல் வேண்டும் என்று அது வகைப்படுத்திச் சொல்லுகின்றது. அதிலே ஒரு கணக்கு வருகின்றது. ஆசிரியன் சொன்னதை முழுமையாகவே உள்வாங்கிக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வருவது காற்கூறு அறிவுதான். உடன்பயில்வாரோடு பழகிப் பயிலும்பொழுது மற்றொரு கால். எஞ்சிய அரையும் தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்பொழுதே நிரம்பும்.

காலும் அரையும் அளவுகோல் வைத்து அளந்த எண்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கருத்தின் வலிமையைப் பாருங்கள். 2006-இல் அமெரிக்காவில் உரோடிகர், கார்ப்பிக்கு என்னும் இரு உளநூலார் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பகுதியினர் பாடப்பகுதியொன்றை மீண்டும் படித்தனர். மற்றொரு பகுதியினர் அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து மணித்துளி கழித்துப் பார்த்தபொழுது மீண்டும் படித்தவர்களே மேலாக நின்றனர். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபொழுதோ, மீண்டும் படித்தவர்க்கு 42 விழுக்காடும், நினைவுகூர்ந்து எழுதியவர்க்கு 56 விழுக்காடும் மனத்தில் நின்றிருந்தன. கேட்டதை நினைத்தல் வேண்டும், வினாவுதல் வேண்டும், வினாயவற்றிற்கு விடை சொல்லுதல் வேண்டும் என்று பவணந்தியார் பாடங்கேட்கும் முறையில் வைத்தது இதனைத்தான்.

இனி இந்த உரைகல்லில் இற்றை இணையவழிப் பாடங்களை உரைத்துப் பாருங்கள். காணொலி என்பது ஆசிரியன் சொல்லுவது. அதாவது முதற் காற்கூறு. அதிலும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத மொழியில் வந்தால் அக்காலும் அரைக்காலாகின்றது. எஞ்சிய முக்காலுக்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கின்றது?

ஏட்டளவில் ஏற்பாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவயம் பாடமொன்று நான்கு கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும்: காணொலி, படிப்பதற்குரிய எழுத்துப் பகுதி, தன்னைத்தானே ஆய்ந்து கொள்ளும் தேர்வு, ஐயம் கேட்டுக் கலந்துரையாடும் இடம். திட்டம் நன்றே. என்.பி.டி.இ.எல். ஆசிரியர்களிலும் தலைசிறந்தவர் பலர் உள்ளனர். காசின்றி அவர்களைக் கேட்க முடிவது பெரும்பேறு. ஆயினும் நடைமுறையில் கலந்துரையாடும் இடத்தில் தேர்வு நாள் எது என்று கேட்பவரே மிகுதி. கிழமைதோறும் வரும் ஒப்படைப்புகளுக்கு 25, கண்காணிப்போடு நடக்கும் இறுதித் தேர்வுக்கு 75 என்பது அங்குள்ள மதிப்பெண் பகுப்பு. அந்த 25-க்கு உரிய விடைகள் வலையொளியிலும் புலனக் குழுக்களிலும் அன்றன்றே உலவுவதை மாணவரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குற்றம் மாணவரிடம் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்க்கு ஒரே வினா, நான்கிலொரு விடை என்று அமைத்தால் அது பரவத்தானே செய்யும்?

வெளிநாட்டு நிலையும் இதுவே. 2011-இல் இசுடான்போர்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டபொழுது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தனர்; முடித்தவர் ஏறத்தாழ 23,000 பேர். வகுப்பறையே ஒழிந்துவிடும் என்று அற்றை நாளில் முழங்கினார்கள். பின்னர் ஆர்வர்டும் மாசச்சூசெட்சும் தொடங்கிய தளத்தின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 2017–18-இல் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு மூவரே முடித்தனர் என்று கண்டனர். நன்னூலார் கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடத்தை உவமை சொன்னார். இங்கே பாடத்தையே ஓட்டைக் குடமாகச் செய்துவிட்டு மாணவனைப் பழிக்கின்றோம்.

அப்படியாயின் நல்ல பாடத்தை எப்படி அமைப்பது?

தமிழில் இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லுவார் உளர். உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அறிவிக்கப்பெற்று, 2001 பிப்பிரவரி 17-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம்தான் அது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். முதல் தலைவராக இருந்து அதனை உருவாக்கியவர் வா.செ. குழந்தைசாமி. நீரியல் அறிந்த பொறியாளர். தில்லித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அவருடைய எழுத்துச் சீர்திருத்தக் கருத்தை நம்மில் பலர் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. ஆனால் பாடம் அமைத்த திறத்தை ஒப்பாமல் இருக்க முடியாது. அத்தளத்தின் பட்டப்படிப்புப் பாடம் எதனையேனும் திறந்து பாருங்கள். இந்தப் பாடம் எதனைச் சொல்லுகின்றது, இதனைப் படித்தால் என்ன பயன் பெறலாம் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கும். பாடம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நடுவிலும் இறுதியிலும் தன்மதிப்பீட்டு வினாக்கள் நிற்கும். விடையையும் அங்கேயே பார்த்துக் கொள்ளலாம். மேலை நாட்டார் 'எளிய இணைப்பு, குறிய காணொலி' என்றெல்லாம் பேசுவதற்கு முன்பே, மெல்லிய இணைப்பிலும் திறக்கும்படி எழுத்தை முதன்மையாக வைத்துச் செய்த வேலை அது. என்ன குறை? அதன் பட்டப்படிப்பு தமிழியலோடு நின்றுவிட்டது. இயற்பியலுக்கும் வணிகவியலுக்கும் அக்கட்டமைப்பை யாரும் எடுத்துச் செல்லவில்லை.

நாம் எடுத்துச் செல்லலாம் என்பதே என் பேச்சின் பொருள். கட்டுத்துணிப் பாடத்தையே வைத்துக்கொண்டு சொல்லுகின்றேன்.

முதற்கண் பாடத்தின் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். 'பரப்பு இழுவிசை பற்றி அறிதல்' என்று குறிக்கோள் எழுதினால் அஃது ஒன்றையும் சொல்லவில்லை. 'வெளுத்த துணியும் வெளுக்காத துணியும் நீரில் வேறுபட்டு நடப்பதன் கரணியத்தைச் சேர்கோணத்தைக் கொண்டு, இயற்பியல் படியாத ஒருவர்க்கு விளங்கச் சொல்லுதல்' என்று எழுதுங்கள். மாணவன் என்ன செய்ய வல்லவனாவான் என்பது அதில் இருக்கின்றது. தேர்வு வினாவும் அதற்குள்ளேயே இருக்கின்றது. மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் நீரில் முழுக வேண்டும் என்று மருந்து நூல்கள் விதித்திருக்கின்றன. ஆகவே செய்முறையும் வீட்டிலேயே இருக்கின்றது: ஓர் ஏனம், நீர், இரு துணித்துண்டு, நொடி காட்டும் கடிகை. குறிக்கோள், பயிற்சி, தேர்வு மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருத்தல் வேண்டும். விளக்கச் சொல்லிக் கற்பித்துவிட்டு, நான்கிலொன்றைத் தொடச் சொல்லித் தேர்வு வைத்தால், மாணவன் தொடுவதற்கே படிப்பான். நான் செய்த முதற்பிழை அதுவே.

இரண்டாவது, காணொலியின் நீளம். ஐம்பது மணித்துளி வகுப்பை அப்படியே பதிந்து ஏற்றுவது பாடமன்று, பதிவு. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 69 நூறாயிரம் பார்வைப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு, ஆறு மணித்துளிக்குமேல் பார்ப்போர் கவனம் நில்லாது என்று கண்டது. ஆறுக்குள் ஒரு கருத்தைச் சொல்லுங்கள். பிறகு நிறுத்தி, ஒரு வினாக் கேளுங்கள். அதே பாடத்தை ஒலியாக மட்டும் கேட்கும்படியும், தாளில் படிக்கும்படியும் செய்யுங்கள். இரவில் இரண்டு மணிநேரம் மட்டும் கைப்பேசி கிடைக்கும் பெண்ணை மனத்தில் வைத்து அமைத்தால், எல்லார்க்கும் அது பொருந்தும். பேச்சை எழுத்தாகவும் திரையில் காட்டுங்கள். செவி கேளாத மாணவர் கலசலிங்கத்தில் பொறியியல் படிக்கின்றனர். அவர்களுக்கு எழுத்தில்லாக் காணொலி ஊமைப்படம். அவர்களுக்காக எழுத்திட்டால் ஆலையிரைச்சலுக்கு அருகில் வீடிருப்பவனுக்கும் அது பயன்படும்.

மூன்றாவதுதான் பெரிது, அந்த முக்கால். ஐந்தைந்து பேராகக் குழு அமையுங்கள். அடுத்தடுத்த ஊராரே ஒரு குழுவில் இருத்தல் நன்று. மாமசாபுரத்துப் பையனும் மல்லிப் பெண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சந்திக்க முடியுமாறு இருக்கட்டும். கிழமைக்கு ஒருவர் அக்கிழமைப் பாடத்தை மற்ற நால்வர்க்கும் சொல்லுதல் வேண்டும். பாடத்தின் இறுதியில் ஒவ்வொருவரும் வீட்டிலோ தெருவிலோ ஒருவர்க்கு அதனைத் தமிழில் விளக்கி, மூன்று மணித்துளி ஒலிப்பதிவாக அனுப்புதல் வேண்டும். கேட்டவர் எழுப்பிய ஒரு குறுக்குக் கேள்வியும் அதில் இருத்தல் வேண்டும். இதற்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். புலனத்தில் விடை வாங்கிப் படியெடுக்க இங்கே வழியில்லை. தன் பாட்டிக்குத் தான்தானே சொல்லியாக வேண்டும்? ஆசிரியர்க்கு வேலை கூடும் என்பது மெய். 60 பேருக்கு மூன்று மூன்று மணித்துளி என்றால் மூன்று மணிநேரம் கேட்க வேண்டும். நாள் முழுதும் முகமில்லாத் திரையை நோக்கிப் பேசியதைவிட அது எனக்குக் குறைந்த சலிப்பையே தரும்.

திருவில்லிபுத்தூர் அன்பர் ஒருவர் இவ்விடத்தில் கேட்டார்: "வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலந்தானே வேண்டும்? தமிழில் படித்தவனை எவன் எடுப்பான்?"

நேரிய வினா. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அவற்றிற்கு நேர்ந்த இடர் இந்த அச்சத்தால் நேர்ந்ததே. நான் சொல்லுவது இது: பொருளை அறிவது முதல் வேலை, அறிந்ததற்கு ஆங்கிலச் சொல்லையும் தெரிந்து கொள்வது இரண்டாம் வேலை. சேர்கோணம் என்னும் சொல்லில் சேர்தலும் இருக்கின்றது, கோணமும் இருக்கின்றது. நீர் பரப்போடு சேருமிடத்து அமையும் கோணம் என்று சொல்லே பாடம் நடத்துகின்றது. அப்பெண் பள்ளியில் அச்சொல்லைத் தமிழில் கற்றாள். கல்லூரி அதனைத் துடைத்துவிட்டு ஓர் ஆங்கில ஒலியை வைத்தது. இரண்டுக்கும் பாலம் போடுவார் இல்லை. பாடந்தோறும் தமிழ்ச்சொல்லுக்கு நேரே ஆங்கிலச் சொல்லைப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள். நேர்காணலில் அவன் திணற மாட்டான். அறியாத பொருளை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளையை எந்த ஆலைக்காரரும் இரண்டாம் வினாவில் கண்டுபிடித்து விடுவார்.

என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றிற்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வந்துள்ளதே என்பார்கள். வரவேற்கின்றேன். ஆனால் ஆங்கிலக் குரலும் ஆங்கிலக் கரும்பலகையும் இருக்க, அடியிலே தமிழ் வரி ஓடினால், கண் எதனைப் பார்க்கும்? நான் பார்த்தவற்றுள் ஒரே பொருளுக்கு ஒரு பாடத்துள்ளேயே இருவேறு தமிழ்ச்சொற்கள் வந்து மாணவனைக் குழப்புகின்றன. பொறி மொழிபெயர்க்கட்டும், ஆனால் தமிழறிந்த இயற்பியலார் ஒருவர் உட்கார்ந்து திருத்தாமல் வெளியிடுதல் கூடாது. வழிநூலைவிட முதனூலே வேண்டும் எனக்கு. தமிழில் எண்ணி, தமிழில் எழுதி, நம்மூர்த் துணியையும் நம்மூர்க் கிணற்றையும் எடுத்துக்காட்டாக வைத்த பாடம்.

இனி மதிப்பிடுதல். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகின்றோம். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை சான்றிதழ் வழங்கினோம் என்று கல்லூரிகள் பட்டியல் போடுகின்றன. அஃது அஞ்சற்காரர் எத்தனைக் கட்டுகள் போட்டார் என்னும் கணக்கு. அமெரிக்கர் கிர்க்பாட்ரிக்கு 1959-இலேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: பயின்றவர்க்குப் பிடித்ததா, கற்றாரா, கற்றதை வேலையில் பயன்படுத்துகின்றாரா, அதனால் விளைவு உண்டா. நம்மவர் முதற்படியிலேயே நின்று, ஐந்து விண்மீன்களில் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இனிக்க இனிக்கப் பேசினால் ஐந்தும் கிடைக்கும்!

எளிய முறையொன்று சொல்லுகின்றேன். பாடம் தொடங்குமுன் கட்டுத்துணி வினாவைக் கேட்டு விடைகளை எழுதி வாங்கி வையுங்கள். பாடம் முடிந்ததும் அதே வினா. ஒரு திங்கள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் அதே போன்ற வினா. துணிக்கு மாற்றாகச் செங்கல்லோ விளக்குத் திரியோ. மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டாவதில் ஏறி மூன்றாவதில் இறங்கினால் பயிற்சி போதவில்லை. இரண்டாவதிலேயே ஏறவில்லை என்றால் விளக்கம் தவறு. எல்லாரும் முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் அப்பாடம் தேவையே இல்லை! எந்த மணித்துளியில் பலர் காணொலியை நிறுத்தினர் என்பதைத் தளமே காட்டும். அவ்விடத்தில் என்ன சொன்னோம் என்று நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு புதுச்சொல் விளக்கமில்லாமல் வந்திருக்கும். இடையில் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். முடித்தவர்களின் புகழுரையைவிட நின்றவர் இருவரின் குறைகூறல் மிகு பயன் தரும். நான் அந்த வீட்டிற்குப் போயிராவிட்டால் என் பாடம் வென்றதென்றே இன்றும் எண்ணிக் கொண்டிருப்பேன்.

முன்னோட்டமும் வேண்டும். ஆயிரம் பேருக்குத் திறக்குமுன் ஐந்து பேரை அருகே அமர்த்தி, வாய் பேசாமல் அவர்கள் படிப்பதைப் பாருங்கள். எங்கே நெற்றி சுருங்குகின்றதோ அங்கே கோடிடுங்கள்.

நல்கைக் குழுவின் 2020 விதிப்படி இணையவழிப் பட்டப்படிப்பில் இடைமதிப்பீட்டிற்கு 30 விழுக்காட்டிற்கு மேல் கொடுக்க இயலாது. இறுதித் தேர்வுக்கே 70. எனவே நான் சொன்ன பாதி மதிப்பெண் முறை பட்டப்படிப்புக்குள் இன்று நுழையாது. மதிப்பெண்ணுக்கு வெளியே நாம் தொடங்குவதை அவ்விதி தடுக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். 'துணியும் நீரும்' என்று பெயரிட்டு, பரப்பு இழுவிசைக்கு நான்கு கிழமைப் பாடமொன்றை எழுதத் தொடங்கியிருக்கின்றேன். முதற்பாடம் எழுதி முடிந்தது. இராசபாளையத்தில் ஐவர், திருவில்லிபுத்தூரில் ஐவர், கல்லூரி முதலாண்டு பயில்வோராக வேண்டும். தறியும் வெளுப்பும் அறிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். துணி வேகவைப்பதை அவர்தம் வாயாலேயே சொல்ல வேண்டும், நான் சொன்னால் எடுபடாது. கைப்பேசியில் காணொலி எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர். இயற்பியலே தெரியாத இருவர். அவர்கள்தாம் மிகத் தேவையானவர்கள், பாடம் கேட்பதற்கு. அந்தச் சத்திரப்பட்டிப் பெண் இன்று பட்டம் முடித்துப் பள்ளியொன்றில் கற்பித்து வருகின்றாள்; கலைச்சொற்பட்டியலைத் தான் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.

முதற்பாடத்தின் படிகள் வாயிலருகே பலகையின்மேல் உள்ளன. எடுத்துப் போங்கள். விளங்காத சொல்லைக் கோடிட்டு, அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் இங்கேயே கொண்டு வந்து கொடுங்கள்.